ஆள் ஏற ஏறக் குறையும் எண்

"உங்கட வான் 3,500 இழுக்கும். இது வெறும் 2,900 தான். பிறகென்ன யோசனை?"

பனி கரைந்து ஏப்ரல் பிறந்ததும் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ட்ரெயிலர் விற்பனை முற்றங்களில் இந்த வசனத்தைப் பல மொழிகளில் கேட்கலாம். விற்பவர் ஆங்கிலத்தில் சொல்வார். கூட்டிக்கொண்டு போன மச்சான் தமிழில் வழிமொழிவார். பிள்ளைகள் அதற்குள் ட்ரெயிலருக்குள் ஏறி ஆளுக்கொரு கட்டில் பிடித்திருப்பார்கள். வசனத்தில் வரும் இரண்டு எண்களும் சரியானவை. கழித்தலும் சரி, 600 இறாத்தல் மிச்சம். முடிவு மட்டும் பிழை. குடும்பத்தை முழுதாக ஏற்றிக்கொண்டு 401ஆம் நெடுஞ்சாலையில் ஓடப்போகிற பிழை.

மினிவான் வைத்திருப்பவர்களிடையே இழுவைத் திறன் பற்றி நிலவும் கருத்து இதுதான்: நிறுவனம் ஓர் எண்ணைத் தந்திருக்கிறது, ட்ரெயிலர் அதற்குக் கீழே இருந்தால் காணும். இன்னும் துணிச்சலான கட்சியும் உண்டு. "கம்பனிக்காரன் வழக்குக்குப் பயந்து குறைச்சுத்தான் போடுவான், அதுக்கு மேலயும் இழுக்கும்" என்பது அவர்கள் வாதம். இரண்டு கட்சியும் 3,500ஐ வானின் பலம் என்று நினைக்கின்றன. நான் சொல்ல வருவது வேறு. அது ஏறக்குறைய வெறும் வானுக்குரிய எண். ஆட்கள் ஏற ஏற, சாமான் ஏற ஏற அது கரையும். ஏழெட்டுப் பேர் இருக்கவென்றே வாங்கிய வண்டியில் எவ்வளவு கரைகிறது என்று கணக்குப் பார்ப்பவர்தான் இல்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? வட அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க, எஸ்.ஏ.ஈ. என்னும் வாகனப் பொறியியலாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்ற தரமுறை இருக்கிறது. அதில் பெயர்பெற்ற சோதனை அரிசோனாவில், டேவிஸ் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து மேலேறும் 68ஆம் இலக்க நெடுஞ்சாலையை அடிப்படையாகக் கொண்டது. பதினொரு மைலுக்கு மேல் நீளும் ஏற்றம். ஏறக்குறைய 3,000 அடி உயர வேண்டும். வெளியே 38 பாகைக்குக் குறையாத வெயில், உள்ளே ஏ.சி. முழுவீச்சில். சாதாரண வண்டிகள் மணிக்கு 40 மைலுக்குக் கீழே விழாமல், சூடேறி நின்றுவிடாமல் ஏறி முடிக்க வேண்டும். கடுமையான பரீட்சைதான், மறுக்கவில்லை. ஆனால் பரீட்சை எழுதும் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள்? சாரதியும் பக்கத்தில் இன்னொருவரும். ஆளுக்கு 150 இறாத்தல். பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் இல்லை. அம்மம்மா இல்லை. கூடாரமும் மடக்குக் கதிரைகளும் இல்லை, முதல் நாளே மசாலா தடவி ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிய கோழியும் இல்லை.

வழக்குக்குப் பயந்து குறைத்துப் போடுகிறார்கள் என்ற கதைக்கு இந்தத் தரமுறையின் வரலாறே எதிர்ச்சாட்சி. 2008இல் இது வெளிவருமுன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து தன் விருப்பப்படி எண் போட்டது. பிக்கப் ட்ரக் விற்பனையில், அடுத்தவனை விட நூறு இறாத்தலாவது கூடக் காட்டவேண்டும் என்ற போட்டி மும்முரமாக இருந்த காலம் அது. ரொயோட்டாதான் முதலில், 2011 மாடலில், புதிய தரமுறையை ஏற்றது. உடனே அதன் டண்ட்ரா ட்ரக்கின் இழுவை எண்கள் நூற்றுக்கணக்கான இறாத்தல் இறங்கின. மற்றப் பெரிய நிறுவனங்கள் பின்தொடரச் சில ஆண்டுகள் இழுத்தடித்தன. பயந்து குறைத்து எழுதியவர்கள் என்றால், ஒழுங்கான சோதனை வந்த அன்று எண் ஏறியிருக்க வேண்டாமா? விற்பனைப் பிரிவின் கை எண்ணை ஒருநாளும் கீழே தள்ளுவதில்லை.

அடுத்தது குதிரைவலு. "வி6 எஞ்சின், மலையையே இழுக்கும்" என்கிறார்கள். முந்திய தலைமுறை ரொயோட்டா சியன்னா மினிவானின் 3.5 லீற்றர் வி6 அதன் கடைசி ஆண்டுகளில் 296 குதிரைவலு தந்தது. 2021 மாடலாக வந்த புதிய சியன்னா முழுக்க ஹைபிரிட். நாலு சிலிண்டர் எஞ்சினும் மின்மோட்டர்களும் சேர்ந்து 245. ஐம்பது குதிரைகள் லாயத்தை விட்டுப் போய்விட்டன. இழுவை எண்ணோ 3,500இலேயே நின்றது. விண்ட்சரில் கட்டப்படும் கிறைஸ்லர் பசிபிக்காவையும் பாருங்கள். வி6 வகைக்கு, இழுவைக்கான பொதியோடு வாங்கினால், 3,600. ஒரே உடல், ஒரே ஆலை, ஆனால் செருகி மின்னேற்றும் ஹைபிரிட் வகையில் ட்ரெயிலர் இழுக்கவே வேண்டாம் என்று நிறுவனம் எழுதி வைத்தது. எஞ்சினை மட்டும் வைத்து இந்த எண்ணை வாசிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. குளிர்விக்கும் அமைப்பு, பிரேக், பின் அச்சு, ரயர், ட்ரெயிலரைக் கொளுவும் ஹிச் பூட்டும் இடம் என்று பலவற்றின் ஒப்பந்தம் அது. அதில் முதலில் தளர்வது எதுவோ அதன் சொல்தான் சபையேறும்.

குடும்ப வானில் முதலில் தளர்வது, என் பார்வையில், வானுக்குள் ஏற்றும் பாரம்.

சாரதியின் கதவைத் திறந்து நடுத்தூணைப் பாருங்கள். ரயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலேயே, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை இறாத்தலை ஒருபோதும் தாண்டக்கூடாது என்று இன்னோர் எண் இருக்கும். வான் வாங்கிப் பத்து வருடமாகியும் அதை வாசிக்காதவர்கள் ஏராளம். கராஜ்காரர் காற்றடிக்கக் குனிந்து பார்த்தால் உண்டு. விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் வரும் 3,500 அந்த மாடல் முழுவதற்கும் பொது. இந்த ஸ்டிக்கர் எண் உங்கள் வானுக்கென்றே ஒட்டியது. கூரைக் கண்ணாடி, பின்னிருக்கைத் திரை, நாலு சில்லும் இழுக்கும் வகை என்று காசு கொடுத்துச் சேர்க்கச் சேர்க்க அது இறங்கும். ஆக, அதிக விலை கொடுத்தவருக்கே குறைந்த பாரம். விற்பனைக் கூடத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ட்ரெயிலருக்கும் இந்த ஸ்டிக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டு சில்லில் நிற்கும் ட்ரெயிலரின் எடை முழுவதும் அதன் சில்லுகளில் இறங்குவதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் அதன் முன்முனை வானின் ஹிச் பந்தின் மேல் அழுத்துகிறது. ட்ரெயிலர் ஆடாமல் ஓட, மொத்த எடையில் 10 முதல் 15 வீதம்வரை அந்த முனையில் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொது விதி. இதை ஹிச் பாரம் என்று வைத்துக்கொள்வோம். ஹிச் பாரம் வானின் மேல் நிற்கிறது. ஆகவே அது ஸ்டிக்கர் கணக்கில் ஓர் ஆள். உங்கள் வான் கையேட்டிலும் இது இருக்கிறது. அமெரிக்க விதிப்படி கையேடுகளில் அச்சிடவேண்டிய உதாரணக் கணக்கொன்று உண்டு: 1,400 இறாத்தல் எல்லை, 150 இறாத்தல் வீதம் ஐந்து பேர், மிச்சம் 650. ட்ரெயிலர் இழுத்தால் அதன் பாரமும் இதில் கழியும் என்று கீழே ஒரு வரி. கையேட்டைக் கைப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மச்சானிடம் ஆலோசனை கேட்கிறோம்.

கணக்குப் போடுவோம். ஸ்டிக்கர் 1,300 இறாத்தல் என்கிறது என்று வையுங்கள். உங்களுடையது கூடலாம், குறையலாம். அப்பா 185, அம்மா 150, அம்மம்மா 140, மூத்தவன் 120, நடுவிலாள் 90, கடைக்குட்டி 55. மொத்தம் 740. பிள்ளை இருக்கைக்கு 20. பிறகு பூட்டிய ஹிச்சின் இரும்புக்கு 40, அதுவும் கணக்கில்தான். இப்போதே 800. பின்னால் ஐஸ் பெட்டி, உடுப்புப் பைகள், கதிரைகள், கரி அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 200. ஆயிரம் ஆயிற்று. மிச்சம் 300.

இனி ட்ரெயிலர். விற்பவர் சொன்ன 2,900 என்பது உலர் எடை. ஆலையிலிருந்து வெறுமையாக வெளிவரும்போதுள்ள எடை. எரிவாயு உருளை நிரம்பியிருந்தால் 37 இறாத்தல். மின்கலம் ஐம்பது வரை. 30 அமெரிக்கக் கலன் தண்ணீர் 250. பாய், தலையணை, சட்டி பானை, குழாய், வெயில் மறைப்பு எல்லாம் சேர 500ஐத் தொடுவது எளிது. ஆக 3,400. அதில் 12 வீதம் 408. கையில் இருந்ததோ 300. ட்ரெயிலர் 3,500க்குள்தான் நிற்கிறது, வான் நூறு இறாத்தலுக்கு மேல் எல்லை தாண்டிவிட்டது. அக்கறை உள்ளவர் ஒருவர் கேட்பார்: "அப்ப வானுக்குள்ள இருக்கிற சாமானை ட்ரெயிலருக்குள்ள மாத்தினால்?" நல்ல கேள்வி. மாற்றுங்கள். வான் தப்பும். ட்ரெயிலர் 3,600 ஆகி, அந்தப் பெரிய எண்ணே உடையும்.

"தண்ணியை அங்க போய் நிரப்பலாமே?" இதுவும் நல்ல கேள்வி, செய்யவேண்டிய வேலையும்கூட. 250 குறைந்து 3,350 ஆகிறது. இப்போது கதவு ஸ்டிக்கரும் 3,500உம் சம்மதம் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலான மினிவான்களில் ஹிச் பாரத்துக்குத் தனி எல்லை ஒன்று உண்டு, 350 இறாத்தலை ஒட்டி. 3,350இல் 10 வீதம் 335. குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் நடுவே 15 இறாத்தல் இடைவெளி. இருபத்துநாலு போத்தல் அடுக்கிய ஒரு தண்ணீர்ப் பெட்டி 26 இறாத்தல். அதைக் கடைசி நேரத்தில் ட்ரெயிலரின் முன்மூலையில் வைத்தாலே எல்லை நெருங்கிவிடும். சரியாக 3,500இல் நின்றாலோ, 10 வீதம் என்பதே 350. வேண்டிய ஆகக் குறைந்த பாரமும் தாங்கும் ஆகக் கூடிய பாரமும் ஒரே புள்ளி. அந்தப் புள்ளியில் ஒரு ட்ரெயிலரை நிறுத்திவைப்பது சோதனைக்கூடத்தில் முடியும். இரண்டு பிள்ளைகள் பின்கதவால் ஏறி விளையாட்டுச் சாமானை அங்குமிங்கும் மாற்றும் வீட்டில் முடியாது.

இந்தக் கணக்கில் அந்தக் குடும்பம் நிம்மதியாக இழுக்கக்கூடியது, சாமான் எல்லாம் ஏற்றியபின் 2,800ஐத் தாண்டாத ட்ரெயிலர். கடைக்காரரின் உலர் எடையில் அது 2,000 முதல் 2,200 வரை. விளம்பர எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் கற்பனை செய்யவில்லை. கழித்துப் பார்த்தால் யாருக்கும் வரும் விடை. ஹொண்டாவின் சில கையேடுகளில் ஆட்களின் எண்ணிக்கை கூடக் கூட இழுக்கும் எடை படிப்படியாக இறங்கும் அட்டவணையே போட்டிருந்தார்கள். பாராட்ட வேண்டியது. அந்த அட்டவணையை விளம்பரத்தாளின் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

பாரம் எங்கே இறங்குகிறது என்பது அடுத்த சங்கதி. ஹிச் பந்து பின் அச்சுக்கு நேர்மேலே இல்லை. அதற்கும் பின்னால், ஏறக்குறைய நாலு அடி தள்ளி இருக்கிறது. கிணற்றுத் துலாவில் பின்பக்கம் மிதித்தால் முன்பக்கம் எழும்புவது போலத்தான். சியன்னாவின் முன் பின் அச்சுகளுக்கிடையே தூரம் பத்து அடி. ஹிச்சில் 350 இறாத்தல் வைத்தால் பின் அச்சில் ஏறுவது 350 இல்லை, 490. மேலதிகமான 140 முன் அச்சிலிருந்து பிடுங்கியது. பெரும்பாலான மினிவான்களை இழுப்பது முன்சில்லு. திருப்புவதும் முன்சில்லு. பிரேக் பிடிக்கும்போது வேலையில் பெரும்பகுதியைச் செய்வதும் முன்சில்லு. அந்தச் சில்லுகளிலிருந்துதான் எடை கழன்றுபோகிறது. மழைநாளில் மண்சாய்வு ஒன்றில் முன்சில்லு சும்மா சுழல்வதைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாம் வரிசையில் ஆள் இருந்தால், அவர்களும் பின் அச்சுக்கு அருகேதான் அமர்கிறார்கள்.

இங்கேதான் நிலவும் கருத்து ஆட்களை உண்மையான ஆபத்தில் தள்ளுகிறது. வானின் பின்பக்கம் தாழ்ந்து நிற்பதைப் பார்க்கிறார்கள். "முன்னுக்குப் பாரம் கூடிப்போச்சு, சாமானை ட்ரெயிலருக்குப் பின்னால தள்ளு" என்று ஒருவர் சொல்கிறார். தள்ளுகிறார்கள். வான் நிமிர்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஹிச் பாரம் 10 வீதத்துக்குக் கீழே போய்விட்டதை யாரும் அளக்கவில்லை. பின்பாரம் கூடிய ட்ரெயிலர் மெதுவாகப் போகும்வரை சாதுவாக வரும். மணிக்கு 95 கிலோமீற்றரைத் தாண்டி, பக்கத்தால் ஒரு பார ஊர்தி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அது வாலாட்டத் தொடங்கும். முதல் ஆட்டத்தை விட இரண்டாவது பெரிது, அதை விட மூன்றாவது. பயந்து பிரேக்கை மிதிப்பவர் வானின் பின்பக்கத்தை ட்ரெயிலரின் தள்ளலுக்குக் கொடுக்கிறார். செய்யவேண்டியது, காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேரே பிடித்து, வேகத்தைத் தானாக இறங்கவிடுவது. ட்ரெயிலருக்கே பிரேக்கும் அதற்குரிய கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால், கையால் அதை மட்டும் அழுத்துவது. இழுக்கத் தெரிந்தவர் என்று சபையில் பேர் வாங்கிய எத்தனை பேர் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

பிரேக் பற்றிச் சுருக்கமாக. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ, அதாவது 3,000 இறாத்தல் ஆனாலே ட்ரெயிலருக்கு அதன் சொந்த பிரேக் வேண்டும் என்பது சட்டம். அதற்கும் மிகக் கீழேயே பிரேக் கேட்கும் வாகனக் கையேடுகள் உண்டு. மினிவானுக்குச் சாதாரணமாகப் பூட்டிக் கொடுப்பது நாலு முனை இணைப்பி. அது வெளிச்சத்துக்கு மட்டும்தான் காணும். மின்பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு ஏழு முனையும் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவை. ட்ரெயிலரில் பிரேக் இருக்கிறது, வானிலிருந்து அதற்குச் செய்தி போகும் கம்பி இல்லை. இப்படி ஓடும் சோடிகள் குறைவில்லை.

"ஹிச்சில 5,000 எண்டு பொறிச்சிருக்கு" என்பது இன்னொரு ஆறுதல். ஹிச் செய்தவர் தன் இரும்புக்குப் பொறுப்புச் சொல்கிறார், உங்கள் வானுக்கு இல்லை. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பாரம் பகிரும் ஹிச் பற்றி எழுத உண்டு. வில்லுப் போன்ற இரண்டு கம்பிகளால் ஹிச் பாரத்தின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் ட்ரெயிலர் அச்சுக்கும் மாற்றும் உபாயம் அது. நான் மேலே சொன்ன துலாச் சிக்கலை அது பெரிதும் தீர்க்கும் என்பது உண்மை. ஒன்ராறியோவின் லண்டன் நகரில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கமே உண்டு. ஹிச்சை வலுப்படுத்தி, இத்தகைய கம்பிகளைப் பூட்டி, மினிவான்களாலும் கார்களாலும் ஏர்ஸ்ட்ரீம் ட்ரெயிலர்களையே இழுத்துக் காட்டுகிறார்கள். தாழ்ந்த புவியீர்ப்பு மையமும் சுயாதீனப் பின் தொங்கலும் உள்ள மினிவான், உயர்ந்து நிற்கும் ட்ரக்கை விட நிலையானது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, நான் அதை நக்கலடிக்கப் போவதில்லை. ஆனால் கவனியுங்கள். அவர்கள் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே தராசில் ஏற்றி, ஹிச்சை வெட்டி ஒட்டி, அச்சுக்கு அச்சு எடை பார்த்து அமைக்கிறார்கள். அந்த ட்ரெயிலர்களும் காற்றை வெட்டும் வட்ட முகம் உடையவை. இணையத்தில் வாங்கிய ஹிச்சை ஞாயிறு பின்னேரம் வீட்டு வாசலில் பூட்டிவிட்டு அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது முறையா? பாரம் பகிரும் ஹிச்சை ஏற்காத வாகனக் கையேடுகளும் உண்டு. வாங்குமுன் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். எப்படியானாலும் அது பாரத்தை இடம் மாற்றும், இல்லாமலாக்காது.

பிறகு ஐரோப்பா. "ஜெர்மனியில சித்தப்பா இதை விடச் சின்னக் காரில பெரிய கரவன் இழுக்கிறார், அங்க இயலுமெண்டால் இஞ்ச ஏன் இயலாது?" நம்மவர் குடும்பம் பல நாடுகளில் பரந்திருப்பதால் இந்த வாதம் நம்மிடம் கொஞ்சம் அதிகமாகவே வரும். சித்தப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஓடுவது வேறு விளையாட்டு. ஜெர்மனியில் ட்ரெயிலரோடு பொது எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர். தனிச் சான்று பெற்றால் அதிவேகச் சாலையில் 100. பிரித்தானியாவில் மோட்டர்வேயில் 60 மைல், மூன்று ஒழுங்குள்ள இடத்தில் வேக ஒழுங்குக்குள் போகவும் கூடாது. ஐரோப்பியக் கரவன்கள் அச்சை நடுவுக்கு நெருக்கமாக வைத்துக் கட்டியவை. ஹிச் பாரம் பல கார்களில் 75 முதல் 100 கிலோவுக்குள். குறைந்த ஹிச் பாரத்தால் வரும் ஆட்டத்தை அவர்கள் குறைந்த வேகத்தால் அடக்குகிறார்கள். சித்தப்பாவின் எடையை இங்கே கொண்டுவருபவர்கள் அவருடைய வேகத்தையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். 401இல் 80இல் போகச் சம்மதமா?

வேகம் என்றதும் காற்று. இழுவை எண்ணில் காற்றுக்கு இடமே இல்லை என்பது போல் ஆட்கள் கதைக்கிறார்கள். சில நிறுவனங்களின் கையேடுகள் ட்ரெயிலரின் முன்முகப் பரப்புக்கே எல்லை வைக்கின்றன. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் கனத்தோடு ஏறும். 100இலிருந்து 110க்குப் போனால் வேகம் பத்து வீதம் கூடுகிறது, காற்றை வெல்லும் வலு 33 வீதம் கூட வேண்டும். வானை விட உயர்ந்த தட்டை முகத்தோடு 2,500 இறாத்தல் ட்ரெயிலர் ஒன்றும், மடித்தால் வானின் முதுகுக்குள் மறையும் கூடார ட்ரெயிலர் ஒன்றும் தராசில் சமம். பாதையில் சமமில்லை. ஹைபிரிட் சியன்னாவில் நீண்ட ஏற்றத்தில் மின்கலம் இறங்கிவிட்டால் மிஞ்சுவது 190க்கும் குறைந்த குதிரைவலுவுள்ள எஞ்சின் மட்டும். அப்போது அந்தத் தட்டை முகத்தின் விலை தெரியும்.

கடைசியாக வருவது மறுக்கவே முடியாது என்று எல்லோரும் நினைக்கும் வாதம்: "நாங்கள் நாலு வருசமா அல்கொங்குயின் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போறம், ஒண்டும் நடக்கேல்லை." நடக்காததில் எனக்கும் சந்தோசம். ஆனால் எல்லைகள் ஒன்றும் நடக்காத நாளுக்காக வைத்தவை இல்லை. அந்தப் பூங்காவினூடாகப் போகும் 60ஆம் நெடுஞ்சாலையில் அந்தி மங்கலில் ஒரு மூஸ் மான் குறுக்கே வந்து நிற்கும் அந்த நாளுக்காக வைத்தவை. மேலும், ஒன்றும் நடக்கவில்லை என்பது எப்படித் தெரியும்? கியர்ப்பெட்டி எண்ணெய் ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துபோகிறது. பின் ரயர்கள் தாங்கும் எல்லைக்கு மேல் சுமந்து உள்ளே சூடாகின்றன. இரண்டும் சத்தம் போடுவதில்லை. மூன்று வருடம் கழித்துக் கியர்ப்பெட்டி மாற்றும் பில் வரும்போது, "இந்த மாடலே சரியில்லை" என்று நிறுவனத்தைத் திட்டுவோம். ட்ரெயிலர் நினைவுக்கு வராது.

இதை யாரும் தடுக்கவும் மாட்டார்கள் என்பது வேறு. ஒன்ராறியோவில் சாதாரண ஜி உரிமத்தோடு 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கச் சட்டம் விடுகிறது. தனிப் பயிற்சி கேட்பதில்லை. உரிமம் தந்தவர்கள் உங்கள் வானின் ஸ்டிக்கரைப் பார்த்ததில்லை, விற்பவர் உங்கள் குடும்பத்தை எண்ணுவதில்லை. அளக்கும் வேலை உங்களுக்குத்தான். செய்வது கடினமில்லை. பார ஊர்திகள் நிற்கும் இடங்களில் பொதுத் தராசு உண்டு, சல்லி மண் விற்கும் யாட்டிலும் உண்டு. குடும்பத்தை ஏற்றி, சாமானை ஏற்றி, ட்ரெயிலரைப் பூட்டி, முன் அச்சு, பின் அச்சு, ட்ரெயிலர் அச்சு என்று தனித்தனியே எடை எடுங்கள். ஹிச் பாரத்தைக் குளியலறைத் தராசாலேயே அளக்கலாம். ஒரு பலமான பலகையின் ஒரு முனை கல்லின் மேல், மறுமுனை தராசின் மேல். ட்ரெயிலரின் முன்முனை கல்லிலிருந்து ஓர் அடியிலும் தராசிலிருந்து இரண்டு அடியிலும் இறங்க வேண்டும். பலகையின் எடையைக் கழித்து, காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள்.

மினிவானால் இழுக்கவே கூடாது என்ற மறுகோடிக்கு நான் ஓடவில்லை. வாடகைக்கு ட்ரெயிலர் விடும் யூஹோல் நிறுவனத்தின் 4க்கு 8 அடிப் பெட்டி ட்ரெயிலர் வெறுமையில் 850 இறாத்தல், ஏற்றினால் அதிகபட்சம் 2,000. 5க்கு 8 அடியானது 900, அதிகபட்சம் 2,700. பிள்ளையைப் பல்கலைக்கழக விடுதிக்குக் குடிபெயர்க்க இரண்டையுமே மினிவான் வடிவாக இழுக்கும். அந்தப் பயணத்தில் வானுக்குள் மூன்று பேர்தான் இருப்பார்கள், அதையும் கவனியுங்கள். 6க்கு 12 அடி ட்ரெயிலரோ வெறுமையிலேயே 1,920. அதிகபட்சம் 4,400. அதைக் கேட்டால் மறுப்பவர் உங்கள் நன்மைக்குத்தான் மறுக்கிறார். கூடார ட்ரெயிலர்களும், ஒரு தட்டு உயரமே உள்ள சிறு ட்ரெயிலர்களும் மினிவானுக்கென்றே பிறந்தவை என்பேன்.

"அப்ப ட்ரக் வாங்க வேண்டியதுதான்" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. ட்ரக்கும் இதே நோயிலிருந்து தப்பவில்லை. நாலு கதவு, தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று சோடித்த அரை டன் பிக்கப்புகள் 9,000, 10,000 இழுக்கும் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் பண்ணுகின்றன. 9,000இல் 12 வீதம் 1,080. அவற்றில் சிலவற்றின் கதவைத் திறந்தால், உங்கள் மினிவானின் ஸ்டிக்கரை விடப் பெரிதாக உயராத எண்ணைப் பார்ப்பீர்கள். விற்பனைக் கூடத்துக்குப் போனதும் முன்மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டுவார்கள். நீங்கள் சாரதிக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.